சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசாதீர்கள்

இந்த ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து நான் சென்று பார்த்த ஐந்தாவது வீடு அது. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் குறையாமல் இருக்கும் நூறாண்டு கடந்த வீடு. கூடத்துச் சுவரில் இடுப்புயரத்துக்கு மேலும் பூச்சு உப்பிப் பொரிந்து, விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டுச் சிமெண்டு பூசி, அதன்மேல் நீர்புகா வண்ணமும் அடித்திருந்தார்கள். வீட்டுக்காரப் பெரியவர் கேட்டது மற்ற நான்கு வீடுகளிலும் நான் கேட்ட அதே கேள்விதான்: “சிமெண்டு பூசியே இப்படி ஆகிவிட்டதே, வெறும் சுண்ணாம்பாக விட்டிருந்தால் சுவர் என்னம்மா ஆகியிருக்கும்?”

ஒன்றும் ஆகியிருக்காது. அந்தச் சுவர் மூன்று தலைமுறைகளாகச் சுண்ணாம்போடுதான் நின்றது.

பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் எனக்குப் பெரும் இடையூறாக இருப்பது பணத்தட்டுப்பாடு கூட இல்லை. ‘சிமெண்டு வலுவானது, சுண்ணாம்பு வலுவற்றது, எனவே சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டு பூசினால் வீடு வலுப்படும்’ என்ற ஒரே நம்பிக்கைதான். முதல் பகுதி உண்மை. சிமெண்டு இறுகினால் சுண்ணாம்பைவிடக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் பூச்சின் வேலை சுவரைத் தாங்குவது கிடையாது. சுவருக்காகத் தான் தேய்வது. பூச்சு எப்போதும் தனக்கு உள்ளே இருக்கும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கடினமான பூச்சு கழன்று விழும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டே விழுகிறது. அந்தப் பெரியவர் வீட்டில் ஒரு பாளத்தைப் பெயர்த்தபோது, அதன் பின்பக்கம் முழுவதும் சிவந்த செங்கல் பொடி ஒட்டியிருந்ததை அவரிடமே காட்டினேன்.

ஈரத்தின் கதையும் இதுவே. நம் ஊர்ப் பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஓதம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறத்தான் செய்யும்; சுண்ணாம்புப் பூச்சு அதை அப்போதைக்கப்போது காற்றில் விட்டுவிடும். சிமெண்டு பூசிய சுவரில் அந்த ஈரம் எளிதில் வெளியேற வழியின்றி இன்னும் உயரே ஏறுகிறது. தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் இறக்கிவைக்கிறது. அந்த உப்பு உறைந்து பெருகும்போது செங்கல்லே நொறுங்குகிறது. கடற்கரை ஊரில் உப்புக்கா பஞ்சம்? ஓதத்தைத் தடுப்பதாக நினைத்துச் செய்த காரியம் ஓதத்தைச் சுவருக்குள் பூட்டிவைத்துவிடுகிறது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும், ‘இன்னும் நல்ல சிமெண்டாகப் பூசலாமா?’ என்ற கேள்வி வரும்போது மனம் நோகிறது.

வலிமையைப் பற்றிய ஐயம் இருந்தால் ரோமைப் பாருங்கள். சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து அவர்கள் வார்த்த பாந்தியன் கோயிலின் குவிமாடம், 43 மீட்டருக்கு மேல் விட்டமுடையது, உள்ளே ஓர் இரும்புக் கம்பிகூட இல்லாமல் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. இன்று நாம் மூட்டையில் வாங்கும் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824இல்தான். எரிமலைச் சாம்பலுக்குப் பதிலாக நம் கொத்தனார்கள் செங்கல் பொடியைச் சேர்த்தார்கள். சாந்துக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றினார்கள். கரையோர ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள். இந்த வேலை கையில் படிந்த மூத்த கொத்தனார் ஒருவர் கிடைத்தால், என் வரைபடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் சொல்வதைத்தான் முதலில் கேட்பேன்.

வேதனை தருவது இன்னொன்று. பழைய வீட்டை இப்படிச் சிதைக்கும் அதே குடும்பங்கள், கடலூர் மஞ்சக்குப்பத்திலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ புதிதாகக் கட்டும் வீட்டுக்கு முன்னால் ரோமானியத் தூண்களும் வளைவுகளும் வேண்டும் என்று கேட்கின்றன. தூண் எதையும் தாங்குவதில்லை; வளைவுக்கு மேலே கான்கிரீட் உத்தரம் ஓடுகிறது. பாரதி பூங்காவின் ஆயி மண்டபமும் கிரேக்க, ரோமானியப் பாணியைப் பின்பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுந்ததுதான். அழகுக்காகப் பழையதைப் போல் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழங்கலை இன்றைய உலகுக்குக் கொடுத்தது முகத்தோற்றத்தை மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1930களில் அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி முழுக்க முழுக்கக் கான்கிரீட்டால் ஆனது. அதில் ஒரு பழந்தூணோ வளைவோ கிடையாது. ஆயினும் வடக்கும் தெற்கும் பார்த்து நிற்கும் அதன் நீண்ட முகப்புகள் முழுவதும் திறந்து மூடும் பலகைகளால் ஆனவை. வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் அந்த அறிவு, நம் தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும் உரிய அதே அறிவு. எகிப்தின் லக்சர் அருகே, 3,200 ஆண்டுகளுக்கு முன் ராமேசியம் கோயிலை ஒட்டிப் பச்சை மண்கல்லால் கட்டப்பட்ட களஞ்சியங்களின் வளைகூரைகள் இன்றும் ஓரளவு நிற்கின்றன. அடியில் சாரமே கொடுக்காமல், ஒவ்வொரு வரிசையையும் பின்வரிசைமேல் சாய்த்து ஒட்டிக்கொண்டே போகும் அந்த நூபிய முறையில் ஆரோவில்லில் நம் காலத்தில் கூரைகள் எழுந்திருக்கின்றன. சிமெண்டு அங்கும் உண்டு. மண்ணை அழுத்திச் செய்யும் கல்லில் ஏறத்தாழ 5 விழுக்காடு. அதனதன் இடத்தில் இருக்கும் எந்தப் பொருளோடும் எனக்குப் பகையில்லை.

இனி, பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பூச்சைக் கொத்துவதற்கு முன் சாவியால் கீறிப் பாருங்கள்; வெண்மையாகப் பொடிந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்பு, கொத்தனாரை அங்கேயே நிறுத்துங்கள். உள்ளங்கை அளவு பழைய பூச்சை எடுத்துவையுங்கள். புதுச் சாந்தை அதற்கு ஒப்பக் கலக்க அது வேண்டும். ஓதம் ஏறிய சுவரில் பளிங்கு ஓடு ஒட்டி மறைக்காதீர்கள். சுவரோரமாகத் தெருவோ முற்றமோ மேடாகியிருந்தால் முதலில் அந்த மண்ணை வெட்டித் தண்ணீர் விலகி ஓட வழி செய்யுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும். மர உத்தரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடித்தளம் ஒழுகினால் அதன்மேல் சிமெண்டுக் கான்கிரீட் போட்டுப் பாரம் ஏற்றவே ஏற்றாதீர்கள். தேக்கு உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் செல்லும் இடத்தில் மக்கியிருக்கின்றனவா, கரையான் இருக்கிறதா என்று ஒருவரை வைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் பழைய மேரி கட்டடம், அதாவது நகராட்சிக் கட்டடம், இடிந்து விழுந்ததை இந்த ஊரே பார்த்தது. கைவிடப்பட்ட கட்டடத்துக்கு மழை இரக்கம் காட்டாது.

பெரியவர் வீட்டில் இப்போது சிமெண்டுப் பூச்சு முழுவதையும் அகற்றிவிட்டோம். சுவர் செங்கல் தெரிய நிற்கிறது; வாரம் ஒருமுறை உப்பைத் தூரிகையால் தட்டி எடுக்கிறார்கள். உறவினர்கள் வந்து பார்த்துவிட்டு, பொங்கலுக்குள் பூசிவிடக் கூடாதா என்று அவரை நெருக்குகிறார்கள். ஐயா, சித்திரை வெயில் முழுவதும் அந்தச் சுவரின்மேல் படட்டும். அதுவரை பொறுத்திருங்கள்.