புது பூட்ஸ் ஏன் கடிக்கிறது?

"போடப் போட சரியாயிடும் சார்." தோல் பூட்ஸ் வாங்கப் போன யாரும் இந்த வார்த்தையைக் கேட்காமல் கடையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார்கள். நானும் கேட்டேன், நம்பினேன். நல்ல கனமான தோல், தைத்த அடிப்பகுதி, விலையும் அதற்கேற்ற மாதிரி. பெருவிரல் மட்டும் முன்னால் லேசாக இடித்தது. பத்து நாள் கழித்து அதைப் போட்டுக்கொண்டு கொடைக்கானலில் ஒரு நாள் முழுக்க நடந்தேன். ஏறும்போது குதிகால் எரிந்தது, இறங்கும்போது விரல் இடித்தது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் வலது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். இடது பெருவிரல் நகம் கருநீலமாகியிருந்தது.

அதன் பிறகும் அந்த பூட்ஸை விடாமல் போட்டேன். மூன்று வாரத்தில் குதிகால் பிரச்சினை காணாமல் போனது. விரல் இடிப்பது மட்டும் ஆறு மாதமாகியும் போகவில்லை. கடைசியில் என்னைவிடச் சின்னக் கால் உள்ள சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி இல்லை என்பதைத் தோலே சொல்லும்.

மாட்டுத் தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். நம் தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் இருப்பது அதுவேதான். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு முப்புரிக் கயிறு போல இருக்கும். இந்த வடிவத்தை உலகத்துக்கு முன்வைத்தது சென்னைப் பல்கலைக்கழகம்: 1954-இல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்து இதைச் சொன்னார்கள். மூன்று சங்கிலிகள் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள வேண்டுமானால் நடுவில் இடம் வேண்டும். அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கும். காலில் மாட்டும் பொருளின் உள்கட்டமைப்பை நம் சென்னையில் உட்கார்ந்து அவிழ்த்திருக்கிறார்கள்.

இந்த நுண்கயிறுகள் சேர்ந்து இழைகளாகி, இழைகள் கற்றையாகி, கற்றைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. துணி மாதிரி ஊடும் பாவுமாக ஒழுங்காக இல்லை, தேங்காய் நாரை அமுக்கி வைத்த மாதிரி. தோலின் மேல்பக்கத்தில், அதாவது முடி இருந்த பக்கத்தில், இழைகள் மெலிதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். கீழே போகப் போகக் கற்றைகள் தடிக்கும், பின்னல் தளரும். ஃபுல் கிரெயின் என்று சொல்லி விற்கும் தோலில் அந்த மேல்பக்கம் தேய்க்கப்படாமல் அப்படியே இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். மேல்பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் பூச்சு பூசிய தோல் கடையில் இன்னும் பளபளப்பாகத் தெரியும். ஆனால் மடியும் இடத்தில் பூச்சு வெடிக்கும், காற்றும் ஈரமும் அதன் வழியே சரியாகப் போய்வராது. கடையிலேயே சோதிக்கலாம். கட்டைவிரலால் உள்ளிருந்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். நல்ல தோலில் மயிரிழை போன்ற நுண்சுருக்கங்கள் ஓடி, கையை எடுத்ததும் மறையும். பூச்சுத் தோல் ஒரு தகடு மாதிரி வளையும்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும், காய்ந்தால் பலகையாகும். பதனிடுதல் என்பது அந்த இழைகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை ஒன்றோடொன்று கட்டிப்போடும் வேதிவேலை. நம் ஊரில் காலங்காலமாக ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இதைச் செய்தன. அவற்றில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இழைகளுக்கு நடுவே நிறைந்து தோலைக் கெட்டியானதாக, அழுத்தினால் பதிவு தாங்குவதாக ஆக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த குரோமியம் முறை வாரக்கணக்கான வேலையைச் சில நாட்களில் முடித்தது. தோலும் மெலிதாக, மிருதுவாக வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெந்நீரில் தெரியும். பச்சைத் தோல் ஈரமாக இருக்கும்போது 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருண்டுவிடும். பட்டையில் பதனிட்டது 75 முதல் 85 வரை தாங்கும். குரோம் தோல் கொதிக்கும் நீரிலும் சுருங்காது. ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பதுதான் பதனிடும் இடங்களில் எளிய சோதனையே.

இந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பதை அங்கே கிணறு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தந்த தீர்ப்பு அந்தத் தண்ணீருக்காகத்தான். பூட்ஸைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

சரி, பூட்ஸுக்கு வருவோம். நல்ல பூட்ஸில் இரண்டு வகைத் தோலும் இருக்கும். காலைச் சுற்றி வரும் மேல்பகுதி பெரும்பாலும் குரோம் தோல். பாதம் நேராக மிதிக்கும் இன்சோல் பட்டையில் பதனிட்ட கனமான தோல். இன்சோலுக்குக் கீழே ஒரு அடுக்கு தக்கை. அதற்கும் கீழேதான் சோல். ஓரத்தில் வெல்ட் என்ற தோல் பட்டி ஒன்று சுற்றி ஓடும். மேல்பகுதியும் இன்சோலும் அந்தப் பட்டியோடு ஒரு தையலில் சேரும், பட்டி சோலோடு இன்னொரு தையலில் சேரும். அதனால் சோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம். தக்கை இருக்கும் குழி உருவாவதும் இந்தத் தையல் முறையால்தான். பழைய பூட்ஸ் ஒன்றின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஐந்து விரலுக்கும் ஐந்து குழி, குதிகாலுக்கு ஒரு கிண்ணம், பெருவிரல் மூட்டுக்கு ஒரு பள்ளம். ஈர மணலில் நின்ற தடம் போல இருக்கும்.

அந்தத் தடம் எப்படி விழுகிறது? ரப்பரை இழுத்து விட்டால் பழையபடி வந்துவிடும். களிமண்ணை அழுத்தினால் அழுத்தினபடியே நிற்கும். தோல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சட்டென்று இழுத்தால் எதிர்க்கும். ஒரே இழுப்பில் வெகுநேரம் வைத்திருந்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, இழுப்பின் திசைக்குத் திரும்பி, புது இடத்தில் போய் உட்காரும். பிறகு விட்டாலும் முழுசாகத் திரும்பாது. இடுப்பு பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் உங்கள் இடுப்பு வளைவோடேயே கிடக்கிறதல்லவா, அதே கதைதான். ஒரு மணி நேரம் நடந்தால் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 3,000 முறை மடங்கி நிமிரும். ஒவ்வொரு மடங்கலிலும் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுகின்றன.

இந்த வழுக்கலுக்கு இரண்டு துணை வேண்டும், ஈரமும் எண்ணெயும். நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அவை ஒட்டிக்கொள்ளும் பிடியைத் தளர்த்துகின்றன. தொழிற்சாலையில் லாஸ்ட் என்கிற கால் அச்சின்மேல் தோலை இழுத்துப் போர்த்தும்போதும் ஈரப்படுத்தித்தான் இழுப்பார்கள். அச்சிலேயே காயவிட்டால் அந்த வடிவம் நிலைத்துவிடும். அப்படியென்றால் கடையில் வாங்கும் பூட்ஸ் ஏற்கெனவே ஒரு காலுக்குப் பழகியதுதான். ஆனால் அது மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கால். அதன் நினைவை அழித்து உங்கள் காலைப் பதியவைப்பதைத்தான் பழக்குவது என்கிறோம்.

அமெரிக்க ராணுவம் இதை உத்தரவாகவே போட்டது. எட்வர்ட் மன்சன் என்ற ராணுவ மருத்துவர் தலைமையிலான குழு ஏறத்தாழ 2,000 சிப்பாய்களின் கால்களை ஆராய்ந்தது. 1912-இல் வந்த விதிப்படி, சிப்பாயின் முதுகில் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ சுமையை ஏற்றி, உடல் எடை முழுவதும் ஒரே காலில் இருக்கும்படி நிற்கவைத்து அளவெடுக்க வேண்டும். சுமை ஏறினால் பாதம் நீளும், அகலும். உட்கார்ந்துகொண்டு எடுத்த அளவு நடக்கும்போது பொய்யாகிவிடும். அப்புறம் புது ஷூவோடு சிப்பாயை ஐந்து நிமிடம் தண்ணீரில் நிற்கவைத்து, சமதரையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், தோல் காலிலேயே காயும்வரை நடக்கவிடுவார்கள். தொழிற்சாலையில் அச்சின்மேல் நடந்த அதே வேலை, இந்த முறை அச்சு சிப்பாயின் கால். இப்போது நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. முழுக்க நனைந்து காயும் தோல் தன் எண்ணெயையும் இழக்கும். நம் ஊர் வெயிலில் கால் வியர்வையே போதும், மெதுவாக அந்த ஈரத்தைக் கொடுத்துவிடும்.

இப்போது அந்த உண்மையில்லாத பாதி. பூட்ஸ் அகலத்தில் இடம் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. பக்கவாட்டுத் தோல் கீழே மட்டும் தைக்கப்பட்டு மேலே சுதந்திரமாக இருக்கிறது, அதனால் வெளியே பிதுங்க வழி உண்டு. சோலின் நீளம் நீளம்தான், கால் தள்ளி அது வளராது. முன்முனையிலும் குதிகாலைச் சுற்றியும் தோலுக்குள் விறைப்பான அட்டை வேறு இருக்கிறது. அதனால் என் பெருவிரலுக்கு ஆறு மாதமில்லை, ஆறு வருடமானாலும் இடம் கிடைத்திருக்காது.

நீளம் சரியாக இருந்தாலும் போதாது, மடியும் இடமும் சரியாக இருக்க வேண்டும். பெருவிரலின் அடிமூட்டு எங்கே மடங்குகிறதோ அங்கேதான் பூட்ஸும் மடங்க வேண்டும். ஒரே நீளப் பாதம் உள்ள இருவரில் ஒருவருக்கு விரல் நீளமாகவும் இன்னொருவருக்குக் குட்டையாகவும் இருக்கும். நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் ஊர்க்காரர் சார்லஸ் பிரானக் 1928-இல் காப்புரிமை பெற்ற உலோக அளவுகோல் இதைப் புரிந்துகொண்டு செய்தது. குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து மூட்டு வரை, அகலம் என்று மூன்றையும் அளக்கும். நம் கடைகளிலோ எட்டு, ஒன்பது என்று ஓர் எண்ணோடு முடிந்துவிடுகிறது. அந்த எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஒரு வாற்கோதுமை மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். இங்கிலாந்தின் பழைய கணக்கு அப்படியே நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேரின் கால்களை அளந்து, நம் கால்கள் அகலமானவை என்று கண்டு, 'ப' (Bha) என்ற பெயரில் இந்தியக் காலுக்கென்றே ஓர் அளவு முறையை முன்மொழிந்திருக்கிறது. அகலம் போதாமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, நீளத்தில் தொளதொளவென்று நடப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அதனால் நான் இப்போதெல்லாம் பூட்ஸ் வாங்க சாயங்காலம்தான் போவேன். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். போடப்போகும் அதே தடித்த சாக்ஸை எடுத்துப்போவேன். இரண்டு காலிலும் மாட்டி, கயிற்றை இறுக்கி, எழுந்து நின்று பார்ப்பேன், ஏனென்றால் இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பார்ப்பேன், விரல் முன்னே போய் இடித்தால் அங்கேயே கழற்றிவிடுவேன். குதிகால் அரை சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பினால் பயப்படுவதில்லை. புது சோல் விறைப்பாக இருப்பதால் கால் மடங்கும்போது அது மடங்காமல் நிற்கிறது, குதிகால் மேலே வருகிறது. சோல் பழகினால் அது குறையும்.

ஆனால் பழகும்வரை அந்த எழும்பல்தான் கொப்புளம் போடும். ஒரு விரலை உங்கள் புறங்கைமேல் வைத்து, வழுக்கவிடாமல் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மேல்தோல் விரலோடு போகும், கீழே எலும்பு அசையாது. பூட்ஸுக்குள்ளும் இப்படித்தான். மேல்தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் போய்வருகிறது. ஆயிரக்கணக்கான முறை இழுபட்ட பிறகு மேல்தோலின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு பிளவு விழுந்து, அதில் நீர் கோத்துக்கொள்கிறது. லேசாக ஈரமான தோல் சாக்ஸை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், அதனால் வியர்வை நிலைமையை மோசமாக்கும். மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று போட்டால் இழுபறி இரண்டு சாக்ஸுக்கும் நடுவே நடக்கும், உங்கள் தோல் தப்பிக்கும்.

வீட்டுக்குள் அரைமணி நேரம், மறுநாள் விட்டு அடுத்த நாள் ஒரு மணி நேரம், பிறகு கடைத்தெரு வரை என்று நான் கூட்டிக்கொண்டே போவேன். நடுவில் ஒரு நாள் விடுவது உள்ளே ஊறிய வியர்வை வெளியேற. நனைந்துவிட்டால் பழைய செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் வைப்பேன். அடுப்போரமும் ஹேர் டிரையரும் கூடவே கூடாது. ஈரமான இன்சோல் பட்டைத் தோல், அது சூடு தாங்காது, சுருங்கி வெடிக்கும். எங்கள் பாட்டி புதுத் தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைப்பார். இழைகள் வழுக்க எண்ணெய் வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பூட்ஸுக்கு அவ்வளவு வேண்டாம், மடியும் இடத்தில் விரல் நுனியால் கொஞ்சம் தோல் கிரீம் போதும். அளவுக்கு மீறினால் தோல் தொய்ந்து, காலைப் பிடிக்கவே மறந்துவிடும்.

இரண்டாவதாக வாங்கிய பூட்ஸை இப்படித்தான் பழக்கினேன். நாலு வருடம் உழைத்து சோல் தேய்ந்ததும், செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். சோலைப் பிரித்ததும் கறுத்து நொறுங்கிய தக்கை கொட்டியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பூட்ஸைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே இன்சோலில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "தக்கையும் சோலும் புதுசு போட்டுடறேன் தம்பி. இன்சோலைத் தொட மாட்டேன், உங்க கால் அதுலதான இருக்கு" என்றார்.