வலி மாத்திரை போட்டிருந்த டிரைவருக்கு விபத்து இழப்பீடு உண்டா?

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற நாட்களில் டிரைவருக்கு சீட்டிலேயே பொழுது போய்விடும். இடுப்பு பிடித்துக்கொள்ளும். யாரோ கொடுத்த வலி மாத்திரையைப் போட்டால் அன்றைய டிரிப் முடிகிறது. நாளாக நாளாக அது இல்லாமல் ஓட்டவே முடியாது என்றாகிவிடுகிறது. டிரமடால், டபென்டடால், கோடீன் எல்லாம் அபின் வகையைச் சேர்ந்தவை. வலியோடு விழிப்பையும் மழுக்கும். கால் பிரேக்குக்குப் போவதற்குள் தாமதமாகிவிடும்.

அப்படி ஒருவர் விபத்தில் சிக்கினால், "மாத்திரை போட்டிருந்தான், பைசா கிடையாது" என்ற ஒரு பேச்சிலேயே வீட்டார் ஒதுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒதுங்காதீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் டிரைவர், கிளீனர், மெக்கானிக் எல்லோருக்கும் பொருந்தும். 2025 நவம்பரில் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது; ஆனால் நாம் பேசுகிற விதி அப்படியே இருக்கிறது. குடியோ போதை மருந்தோ நேரடிக் காரணமாக இருந்து காயம் ஏற்பட்டால் முதலாளி இழப்பீடு தரவேண்டியதில்லை என்கிறது அந்த விதி. ஆனால் உயிரிழப்புக்கும், இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு செல்லாது. போதையில் இருந்தார் என்றாலும் அந்தக் குடும்பத்துக்குப் பணம் வந்தாக வேண்டும்.

கால் முறிவு, விரல் இழப்பு மாதிரியான காயங்களில்தான் சிக்கல். அங்கேயும் "நேரடிக் காரணம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்றிருந்த டிரெய்லரைப் பின்னால் வந்த லாரி இடித்தால், அதற்கு மாத்திரையா காரணம்? மாத்திரைதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி.

தொகை எவ்வளவு? 2020 முதல் மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாய் வரை கணக்கில் எடுக்கிறார்கள். உயிரிழப்புக்கு அதில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. அப்படியானால் 13,81,275 ரூபாய். முழு ஊனத்துக்குப் பாதிக்குப் பதில் 60 சதவீதம். லாரி இன்சூரன்ஸிலேயே சம்பள டிரைவருக்கான இந்தப் பொறுப்பும் அடங்கும். அதனால் பாலிசி நகலை வாங்கி வையுங்கள். 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

போதையில் ஓட்டுவது தனிக் குற்றம்: முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்புறம், மாத்திரையை விட நினைப்பவர்கள் போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்காக வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கு போன் போடலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம். திடீரென்று நீங்களே நிறுத்தினால் உடம்பு முறுக்கும், தூக்கம் போகும், அந்த நிலையில் ஸ்டியரிங் பிடிப்பதும் ஆபத்து. கனரக வண்டி ஓட்டுகிறவர் என்பதை டாக்டரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். எந்த மருந்து, எந்த நேரத்தில் என்பதை அவர் அதற்கேற்ப எழுதித் தருவார்.