உள்நாக்கைத் தூக்கிவிடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு குழந்தை. அல்சூர் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இருமல் நிற்கவில்லை என்று, தங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் மிளகுத்தூளும் உப்பும் தொட்ட விரலால் உள்நாக்கை 'மேலே தூக்கிவிட்டிருக்கிறார்'. அண்ணத்தில் நகக் கீறல், ரத்தம். குழந்தை தண்ணீர்கூட விழுங்க மறுக்கிறது. இத்தனை டாக்டர்கள் இருக்கிற பெங்களூரில் இது நடக்கிறது.

உள்நாக்கு, அண்ணாக்கு என்று நாம் சொல்வதைக் கன்னடத்தில் கிருநாலிகெ என்பார்கள், அதாவது சின்ன நாக்கு. பெயரில் நாக்கு இருப்பதாலோ என்னவோ, அது வளரும், விழும், தூக்கிவிடலாம் என்றெல்லாம் நம்புகிறார்கள். நாங்கள் சீட்டில் எழுதும் 'யுவுலா' லத்தீன் சொல். 'ஊவா' என்றால் திராட்சை, யுவுலா என்றால் குட்டித் திராட்சை. பழைய கிரேக்க மருத்துவர்களும் திராட்சைக் கொத்தைக் குறிக்கும் 'ஸ்டாஃபிலே' என்ற சொல்லைத்தான் எடுத்தார்கள், ஆனால் அது முனை வீங்கி உருண்டுவிட்ட உள்நாக்குக்கு. சிவந்து வீங்கியிருக்கும்போது அதை வெட்டினால் ரத்தப்போக்கு வரும் என்று ஹிப்போகிரட்டஸ் காலத்திலேயே எச்சரித்துவிட்டார்கள்.

இதே சொல் வேறு இடங்களிலும் வரும். சிறுமூளையில் ஒரு பகுதிக்கும், சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் ஒரு சிறு மேட்டுக்கும் யுவுலா என்றே பெயர். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டுத் தொண்டையில் கட்டி என்று பயப்படாதீர்கள். 'யுவியா' கண்ணில் இருப்பது, ஆனால் அதுவும் திராட்சையிலிருந்து வந்த பெயர்தான். யுவைடிஸ், அதாவது யுவியாவின் அழற்சி, என்று எழுதியிருந்தால் போக வேண்டியது கண் டாக்டரிடம்.

சரி, 'உள்நாக்கு வளர்ச்சி'க்கு வருவோம். தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் அப்படிச் சொல்வது பெரும்பாலும் டான்சிலை. அது தொண்டையின் இரண்டு பக்கமும் இருக்கும். உள்நாக்கு நடுவில் தொங்குவது, ஒன்றே ஒன்று. சிலருக்கு அது இயல்பாகவே நீளம், அது நோய் அல்ல. நூறில் ஓரிருவருக்கு நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். (மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை எடுக்கும் முன் இதைப் பாருங்கள் என்று இளம் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அடியில் அண்ணப்பிளவு மறைந்திருக்கலாம்.) கிருமித்தொற்று, ஒவ்வாமை, ராத்திரி முழுக்கக் குறட்டை, இவற்றால் உள்நாக்கு வீங்கலாம். வீக்கம்தான், வளர்ச்சி அல்ல. காரணம் சரியானால் வீக்கமும் வற்றிவிடும். குழந்தையின் இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் சளி, மூக்கின் பின்னால் வடியும் நீர், ஒவ்வாமை, ஆஸ்துமா. இந்த ஊரில் ஒவ்வாமைக்கா பஞ்சம்? அதற்கு உள்நாக்கை அழுத்தி என்ன பயன்?

விரல் வைக்காதீர்கள். மிளகு, உப்பு, சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். உள்நாக்கு மேலே ஏறும் என்று உச்சிமுடியைப் பிடித்து இழுக்காதீர்கள். வெட்டிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இருமல் இரண்டு மூன்று வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சலோடு எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை, மூச்சு விடும்போது சத்தம் வருகிறது என்றால் கரண்டி வைத்துத் தொண்டையைப் பார்க்கக்கூட முயலாதீர்கள். மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளலாம். படுக்க வைக்காமல், உட்கார்ந்த நிலையிலேயே நேரே எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்கள்.

பாட்டிமார்களே, உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுங்கள். விரலை மட்டும் வாய்க்குள் விடாதீர்கள்.