வெள்ளவத்தையில் சொல்லும் டிக்கெட் விலை எங்கிருந்து வருகிறது?

காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை விமான டிக்கெட் போடும் ஏஜென்சிகளுக்குக் குறைவில்லை. காலையில் லண்டனுக்கு என்ன விலை என்று கேட்டு, வீட்டில் கதைத்துவிட்டு மாலையில் திரும்பிப் போனால் தொகை கூடியிருக்கும். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற முணுமுணுப்பும் கூடவே வரும். அது பெரும்பாலும் நியாயமில்லை. காலையில் சொன்ன தொகை எங்கும் எழுதி வைத்திருந்த ஒன்றல்ல. கேட்ட நொடியில் எங்கோ ஒரு கணினி கணக்குப் பார்த்துச் சொன்னது.

அந்தக் கணினி அநேகமாக சேபர், அமடியஸ், டிராவல்போர்ட் ஆகிய மூன்றில் ஒன்றினுடையதாக இருக்கும். பல விமான நிறுவனங்களின் இருக்கையையும் விலையையும் ஏஜென்சிகளுக்கு ஒரே இடத்தில் காட்டும் முன்பதிவு அமைப்புகள் இவை. 1953இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும் ஐ.பி.எம். விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் ஒரே விமானத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசியதில் விழுந்த விதைதான் 1960களில் சேபராக வளர்ந்தது. அமடியஸ் அதற்கு இளையது. 1987இல் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்.ஏ.எஸ். ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது.

ஒரு விலையைச் சொல்ல இந்தக் கணினிக்கு மூன்று சங்கதி தெரிய வேண்டும்: எந்த விமானம் எப்போது பறக்கிறது, கட்டண விதிகள் என்ன, இருக்கை மிச்சம் உண்டா. முதல் இரண்டும் அடிக்கடி புதுப்பிக்கப்படும் பட்டியல்கள், சமாளிக்கலாம். வில்லங்கம் மூன்றாவதில். எகானமி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள்ளே ஒய், பி, எம், கே, வி என்று எழுத்து எழுத்தாகப் பிரிவுகள் இருக்கின்றன. இருக்கை ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான். விலையும் விதியும் மட்டும் வேறு. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஓர் எண் வரும். 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ உண்டு என்று பொருள். 2 என்றால் அந்த விலைக்கு இரண்டே இரண்டு. நாலு பேர் கொண்ட குடும்பம் சேர்ந்து கேட்டால் பொதுவாக நாலு பேருக்கும் இடமுள்ள, விலை கூடிய எழுத்துக்கு அது தாவிவிடும். இரண்டு இரண்டு பேராகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள், சில வேளை மொத்தம் குறையும்.

இந்த விதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், மிகக் குறைந்த விலையைத் தேடுவது கேட்பதற்கு லேசாக இருந்தாலும் கணிதத்தில் படு சிக்கலானது. விதிகளை முழு வீச்சில் எடுத்துக்கொண்டால் எந்தக் கணினியாலும் உறுதியாக விடை சொல்ல முடியாத வகையைச் சேர்ந்தது இது என்று விமானக் கட்டணம் தேடும் மென்பொருள் எழுதிய ஐ.டி.ஏ. சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் டி மார்க்கன் காட்டினார். அந்த நிறுவனத்தைத்தான் 70 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக 2010இல் கூகுள் அறிவித்தது.

சரி, கொழும்பில் ஓர் ஏஜென்சி தன் சொந்த இணையத்தளத்தில் டிக்கெட் விற்க நினைக்கிறது. பழைய முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் கறுப்புத் திரைக்கு முன் இருந்து இருக்கை உண்டா என்று கேட்கும் ஏ.என். என்ற கட்டளை, பிறகு திகதி, பிறகு இரண்டு விமான நிலையங்களின் குறியீடுகளான சி.எம்.பி. எல்.எச்.ஆர். என்று இடைவெளி விடாமல் தட்டுவார். கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்கு என்னென்ன இருக்கிறது என்று பதில் வரும். இணையத்தளத்தில் அந்த வேலையை நிரல் செய்ய வேண்டும். நிரல் அமடியஸோடு நேரடியாகப் பேசுவதென்றால் கணினிகள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் எக்ஸ்.எம்.எல். வடிவத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். இங்கேதான் மென்பொருள் நூலகம், அதாவது வேறு யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்பு, கைகொடுக்கிறது. கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் மாதிரி அது: நாம் விஷயத்தைச் சொன்னால் போதும், படிவமும் முத்திரையும் அதன் பாடு.

முத்திரை என்று சொன்னது சும்மா இல்லை. அமடியஸின் இணையச் சேவைக்குக் கடவுச்சொல்லை அப்படியே அனுப்புவதில்லை, திரும்ப மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி கணக்குப் போட்டு அரைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணை உருவாக்கி, அதோடு அந்த நொடியின் நேரத்தையும் ஏற்கெனவே அரைக்கப்பட்ட கடவுச்சொல்லையும் சேர்த்து, ஷா-1 முறையில் இன்னொரு தடவை அரைத்து அனுப்ப வேண்டும். வழியில் யாராவது எடுத்து மறுபடி அனுப்பினாலும் பயன்படாது. நம் தளம் ஓடும் சர்வரின் கடிகாரம் நன்றாகப் பிந்தியிருந்தால் கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்காது. காரணம் புரியாமல் ஒரு பொழுதையே தொலைக்கலாம். அப்புறம், உள்ளே போனதும் அந்த உரையாடல் முடியும் வரை செல்லுபடியாகும் ஓர் அமர்வு எண் கிடைக்கும். தொடர்ந்து அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண் ஒவ்வொன்றாக ஏற வேண்டும், தவறினால் தகராறு. இதையெல்லாம் நூலகம் தானே பார்த்துக்கொள்ளும். நாம் எழுதுவது எங்கிருந்து, எங்கே, எப்போது, எத்தனை பேர் என்ற நாலைந்து வரிதான்.

ஆனால் அந்த நாலைந்து வரிக்கு வரும் விடையை நம்பி உடனே அட்டையில் காசு எடுக்கும் தளம் அவசரக்காரத் தளம். டிக்கெட் வாங்குகிறவர்களை விடத் தேடிப் பார்க்கிறவர்கள் பல மடங்கு. ஒவ்வொரு தேடலுக்கும் விமான நிறுவனத்தையே கேட்டால் தாங்காது என்பதால், முடிவுகளில் ஒரு பகுதி கொஞ்சம் முன்பு சேமித்து வைத்ததாக இருக்கும். எனவே ஒழுங்கான வரிசை இதுதான்: தேடு, தெரிந்த விமானத்தில் இருக்கையைப் பிடி, பயணிகளின் பெயரைச் சேர், பிடித்த எழுத்துக்கு விலையைப் புதிதாகக் கணக்கிடச் சொல், தொகை மாறியிருந்தால் வாடிக்கையாளரிடம் கேள், பிறகு சேமி. சேமித்த பிறகுதான் பி.என்.ஆர். எனப்படும் ஆறெழுத்துக் குறியீடு கிடைக்கும். நடுவில் அமர்வு அறுந்தால் பெயர் முதல் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டும்.

நூலகம் கண்டுபிடிக்காத பிழை ஒன்று நம் ஆட்களுக்கு அடிக்கடி நேர்வது. அந்தப் பழைய அமைப்புக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது, முதலெழுத்துப் போடும் நம் வழக்கமும் தெரியாது. குடும்பப் பெயர், ஒரு சாய்கோடு, மற்றப் பெயர், கடைசியில் திரு என்பதற்கான எம்.ஆர். என்பதுதான் அதன் ஒழுங்கு. தகப்பன் பெயரை முன்னால் எழுதும் ஒருவர் தளத்தில் இரண்டு கட்டங்களையும் மாற்றி நிரப்பினால் நூலகம் வாய் திறக்காமல் அப்படியே அனுப்பிவிடும். டிக்கெட் வெட்டிய பிறகு பெயர் திருத்தப் பல நிறுவனங்கள் காசு கேட்கும், சில முற்றாக மறுக்கும். நான் தளம் எழுதுவதென்றால், கடவுச்சீட்டில் உள்ள அதே தலைப்புகளோடு இரண்டு கட்டங்களையும் வைத்து, அனுப்பப்போகும் பெயரைக் காசு கட்டும் பொத்தானுக்கு மேலேயே பெரிதாகக் காட்டிவிடுவேன்.