வாய்க்கு இரண்டும் ஒரே சூடுதான்

பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து உணவகங்களில், மிளகாய் தூக்கலாகிப்போன மீன்குழம்பைத் தமிழர் ‘காரம்’ என்பார், மலையாளி ‘எரிவு’ என்பார். ஆங்கிலத்தில் அது ‘ஹாட்’. அடுப்பிலிருந்து இறக்கியதும் ஹாட், மிளகாய் கூடினாலும் ஹாட். ஆற வைப்பதா, தயிர் கொண்டுவருவதா என்று பரிமாறுகிறவர் விழிக்க வேண்டியதுதான். இதை அந்த மொழியின் சோம்பல் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உடலியல் ஆங்கிலத்தின் பக்கம் நிற்கிறது.

மிளகாயின் காரம் உண்மையில் சுவையே அல்ல. இனிப்பும் புளிப்பும் சுவை மொட்டுகளால் உணரப்படுகின்றன. காரமோ வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்புகளின் வழியே போகிறது. மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தேய்த்தவருக்கு இதற்குச் சான்று வேண்டாம். கண்ணில் ஏது சுவை மொட்டு?

அந்த நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெப்பம் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது திறந்துகொண்டு, கால்சியம், சோடியம் அயனிகளை உள்ளே விட்டு, ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் மூலக்கூறு அதே புரதத்தில் ஒட்டிக்கொண்டு, வாயின் இயல்பான வெப்பத்திலேயே அதைத் திறந்துவிடுகிறது. இரண்டு சாவிக்கும் திறக்கிற ஒரே பூட்டு. எந்தச் சாவி திறந்தது என்பது மூளைக்குத் தெரியாது. எனவே சூட்டுக்குச் செய்வதையே காரத்துக்கும் செய்கிறது: முகம் சிவக்கிறது, நெற்றி வியர்க்கிறது. கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997-இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. 2021-இன் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார்.

கேப்சைசின் ஒட்டியிருக்கும்போது அந்த 43 டிகிரி வரம்பும் கீழே இறங்கிவிடுகிறது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் ரசம், அதே ரசம் ஆறிய பிறகு இருப்பதைவிடக் காரமாகத் தெரிவது இதனால்தான். ரசத்தில் மிளகும் உண்டு. அதற்குக் காரம் தரும் பிப்பெரினும் இதே பூட்டைத்தான் திறக்கிறது, சற்று மந்தமாக. போர்த்துகீசியர் வழியாக மிளகாய் வந்துசேரும் முன்பு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகுதான் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எரிவு என்பது எரிதலிலிருந்து வந்த சொல். மலையாளம் நரம்பு சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டது. சித்தூர், நகரிப் பக்கத்துத் தெலுங்கில் காரம் என்ற பெயர் இருந்தாலும், வாய் ‘மண்டுகிறது’ என்றுதான் சொல்வார்கள், அதாவது எரிகிறது. தமிழும் காரத்தைத் தனியாக நிறுத்திவைக்கிறதே தவிர, அளவு மீறினால் ‘வாய் எரிகிறது’ என்று உண்மையைச் சொல்லிவிடுகிறது.

ஹாட்டின் பிற பொருள்கள் வேறு வகை. மின்சாரம் ஓடும் கம்பி, கதிரியக்கம் மிகுந்த பொருள், திருட்டுச் சரக்கு எல்லாமே ஆங்கிலத்தில் ஹாட்தான். இவற்றுக்கும் டிஆர்பிவி1-க்கும் தொடர்பில்லை. தொட்டால் ஆபத்து என்ற அச்சத்தின் நீட்சி என்றே எனக்குப் படுகிறது. நம் சித்த மருத்துவத்தைப் போலவே பழைய ஐரோப்பிய மருத்துவமும் மிளகை வெப்பப் பொருள் என்று வகுத்திருந்தது. அந்த வழக்கு ஆங்கிலத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நாம் இன்னமும் மாம்பழத்தைச் சூடு என்கிறோம். அந்தச் சூட்டை எந்த வெப்பமானியும் காட்டாது.

இருந்தாலும் அடுக்களையில் தமிழின் பிரிவினையே வசதி. சூட்டை ஊதி ஆற்றலாம், காரத்தை முடியாது. கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரம் குளிரும், பிறகு எரிச்சல் திரும்பிவிடும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்வதால்தான் அவை பலன் தருகின்றன.

பறவைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவற்றிடமும் டிஆர்பிவி1 உண்டு, வெப்பத்தை உணரும். ஆனால் அதன் அமைப்பு சற்று மாறியிருப்பதால் கேப்சைசினால் அதைத் திறக்க முடிவதில்லை. பழம் தின்னும் பறவை மிளகாயை அலட்டிக்கொள்ளாமல் கொத்தித் தின்று, விதைகளைச் சேதமில்லாமல் எச்சத்தோடு வேறிடத்தில் போட்டுவிடும். கடைவாய்ப் பல்லால் விதையை அரைத்துவிடும் விலங்குகளுக்குத்தான் மிளகாய்ச் செடி இந்தப் பொய்ச் சூட்டை வைத்திருக்கிறது.