ஜல்லி வழுக்கிச் செல்லும் குழாய்

மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டு எதிர் மனையில் அடுக்குமாடிக் கட்டடம் எழும்புகிறதாம். தளம் போடும் ஒவ்வொரு நாளும், கான்கிரீட் பம்பை ஓட்டத் தொடங்கும் முன் இரண்டு மூன்று மூட்டை சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து அதன் தொட்டியில் ஊற்றுகிறார்களாம். மேலே குழாய் முனையில் அந்தக் கரைசல் வந்ததும் டிரம்மில் பிடித்து ஓரமாகக் கொட்டிவிடுகிறார்களாம். "எலுமிச்சம்பழம் நசுக்குவது, பூசணிக்காய் உடைப்பது மாதிரி இதுவும் ஒரு சாங்கியமா? இன்றைய விலையில் சிமெண்டை இப்படி வீணாக்கலாமா?"

சாங்கியம் இல்லை அம்மா. அந்த மூட்டைகளை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அன்றைய வேலையே நின்றுபோகும். ஆள் உயிருக்கும் ஆபத்து வரலாம்.

யந்திரத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். லாரியின் பின்னால் கட்டி இழுத்துவரும்படி சக்கரங்களின் மேல் ஏற்றிய பம்ப் அது. பின்புறம் ரெடிமிக்ஸ் வண்டி கலவையைக் கொட்டும் தொட்டி. சைட்டில் அதை ஹாப்பர் என்பார்கள். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உருளைகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 200 மி.மீ. விட்டம். ஒன்றின் பிஸ்டன் பின்னால் போய்க் கலவையை உறிஞ்சும்போது மற்றொன்றின் பிஸ்டன் முன்னால் வந்து தள்ளும். எந்த உருளை தள்ளுகிறதோ அதன் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும்படி, எஸ் எழுத்து வடிவில் வளைந்த ஒரு தடித்த குழாய் ஹாப்பருக்குள் இடமும் வலமும் வெட்டி வெட்டி நகரும். ஹைட்ராலிக் எண்ணெயின் வலுவில் இயங்கும் இந்த இரட்டை உருளை முறையை ஜெர்மனியின் ஷ்விங் நிறுவனம் 1957இல் கொண்டுவந்தது. இன்று அதே நிறுவனத்தின் இந்தியப் பிரிவு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இந்த யந்திரங்களைத் தயாரிக்கிறது.

பம்பிலிருந்து வெளியே வருவது 125 மி.மீ. இரும்புக் குழாய். மூன்று மூன்று மீட்டர் துண்டுகளை ரப்பர் வளையமும் கிளாம்பும் போட்டு மாட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் ரப்பர் ஹோஸ். அவ்வளவுதான்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது.

கான்கிரீட் என்பது பாதிக்கு மேல் கல்லும் மணலும். 20 மி.மீ. கருங்கல் ஜல்லி, கூர்மையான முனைகளோடு. இதைக் கையளவு குழாயில் போட்டு நூறு மீட்டர் தள்ளு என்றால், இயற்பியல் படித்த யாரும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். கல் இரும்பில் உரசும், உரசல் கூடும், சிக்கும். ஆனால் தினமும் ஊரெங்கும் அது போய்க்கொண்டிருக்கிறது. எப்படி?

குழாயில் தண்ணீர் ஓடும்போது நடுவில் வேகமும் ஓரத்தில் மந்தமுமாக இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். கான்கிரீட் அப்படி ஓடுவதே இல்லை. அதற்குக் குறைந்தபட்ச வலு ஒன்று தேவை. அதற்குக் கீழே எவ்வளவு தள்ளினாலும் அது திடப்பொருளாகவே இருக்கும். குழாய்க்குள் உரசும் தகைவு, அதாவது ஒவ்வொரு பரப்பிலும் விழும் உரசல் விசை, மையத்தில் பூஜ்யம், சுவரை நெருங்க நெருங்க நேர்விகிதத்தில் கூடும். ஆகவே நடுப்பகுதி முழுவதும் கலையாமல், ஜல்லிகள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல், ஒரே கட்டையாக நகர்கிறது. புட்டுக் குழலைப் பின்னாலிருந்து குச்சியால் தள்ளினால் புட்டு உடையாமல் முழுசாக வழுக்கி வருமே, அதேதான். வழுக்குவதற்கு ஓரத்தில் ஒரு வழவழப்பு வேண்டும். கான்கிரீட் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது வெறும் வடிவியல். 20 மி.மீ. ஜல்லியின் மையம் சுவருக்கு 10 மி.மீ. தூரத்துக்குள் வரவே முடியாது, அதன் உடம்பே இடிக்கும். ஆகவே சுவரோரம் கல் குறைந்து சிமெண்ட் பாலும் நுண்மணலும்தான் மிஞ்சும். இரண்டாவது இன்னும் அழகு. கெட்டியான கலவையில் மிதக்கும் துகள்கள், உராய்வு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நகரும் இயல்புடையவை. உராய்வு அதிகம் சுவரோரம், குறைவு நடுவில். ஆகவே கற்கள் நடுவை நோக்கி ஒதுங்குகின்றன. ஒதுங்க ஒதுங்கச் சுவரோரம் இன்னும் நீர்த்துப்போகிறது. நீர்த்துப்போகப் போக உராய்வு முழுவதும் அந்த மெல்லிய படலத்திலேயே குவிகிறது. குவியக் குவியக் கற்கள் இன்னும் உள்ளே தள்ளப்படுகின்றன. கடைசியில் சில மி.மீ. தடிமனுள்ள ஒரு பசைப் படலத்தின் மேல் டன் கணக்கான கல் சறுக்கிப் போகிறது. யாரும் வடிவமைக்காத ஒரு மசகு இது. கலவை நகர்வதாலேயே பிறக்கிறது.

ஆனால் காலையில் குழாய் காய்ந்து கிடக்கிறது. முதலில் போகும் கான்கிரீட் தன் பாலை எல்லாம் வழியெங்கும் சுவரில் பூசிக்கொண்டே போனால், சிறிது தூரத்தில் வெறும் ஜல்லிதான் மிஞ்சும். அதற்காகத்தான் அந்தக் கரைசல் முன்னால் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மீட்டர் நீளமுள்ள 125 மி.மீ. குழாயின் உட்சுவரில் 2 மி.மீ. பூச ஏறத்தாழ 80 லிட்டர் வேண்டும். வழியில் சிந்துவதையும் ஹாப்பரில் ஒட்டுவதையும் சேர்த்தால் இரண்டு மூன்று மூட்டை நியாயமான செலவுதான். மேலே வந்ததைக் கொட்டிவிடுவதும் சரி. ஜல்லி இல்லாத கரைசல் தூணிலோ உத்தரத்திலோ ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் வலுவிழக்கும்.

துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 2008இல் 606 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட்டை ஏற்றியது ஜெர்மனியின் புட்ஸ்மைஸ்டர் நிறுவனத்தின் பம்ப். அந்த உயரத்துக் கான்கிரீட்டின் எடை மட்டுமே அடியில் 140 பார் அழுத்தம் கொடுக்கும் (1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்). உராய்வு தனிக் கணக்கு. உயரம் கூடக்கூட ஜல்லி அளவைக் குறைத்தார்கள், கோடையில் பனிக்கட்டி கலந்து இரவில் ஏற்றினார்கள். அந்தச் சில மி.மீ. படலத்தைக் காப்பாற்றவும் இவை உதவும். நம் ஊர் வெயிலில் குழாய் மேல் ஈரச்சாக்கு போர்த்துவதும் அப்படித்தான்.

இங்கே ஒரு ஆதங்கம். தமிழ்நாட்டில் ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்துவிட்டது. உருண்டையான மணலுக்குப் பதில் உடைத்த கல்லின் கூர்த்துகள். தூள் எவ்வளவு இருக்கிறது என்பது கிரஷருக்குக் கிரஷர் மாறும். படலம் உருவாவதும் அதற்கேற்ப மாறும். கலவை குழாயில் போகுமா என்று முன்கூட்டி அறிய எளிய சோதனை உண்டு. ஒரு உருளையில் கான்கிரீட்டை அடைத்து 35 பார் அழுத்தம் கொடுத்து, 10 வினாடியில் எவ்வளவு தண்ணீர் கசிகிறது, 140 வினாடியில் எவ்வளவு என்று அளப்பார்கள். முதல் 10 வினாடியிலேயே பெரும்பகுதி கசிந்துவிட்டால் அந்தக் கலவை குழாயில் சிக்கும். பொறியியல் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு இருக்கும் மாநிலத்தில், அந்தந்த வட்டார எம்-சாண்டுக்கு இந்த அளவை எடுத்துப் பொதுவில் வைக்கச் சில லட்சம் ரூபாய் போதும். பெரிய பெயர் வைத்த திட்டங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி. சென்னை ஐ.ஐ.டி.யில் கட்டுமானப் பொருள் ஆய்வு நன்றாகவே நடக்கிறது. ஆனால் அது மட்டும் எத்தனை கிரஷருக்குப் போக முடியும்?

சரி, படலம் போய்விட்டால்? மூட்டில் கிளாம்ப் சரியாக உட்காராமல் பால் ஒழுகினாலும், அடுத்த வண்டி வரத் தாமதமாகிக் குழாயில் கலவை இறுகினாலும், நுண்துகள் குறைந்த கலவை வந்தாலும் அது போகும். அழுத்தம் தண்ணீரைக் கற்களுக்கு நடுவே பிழிந்து முன்னால் அனுப்பிவிடும். கற்கள் ஒன்றையொன்று தொடும். இதுவரை தண்ணீரும் பசையும் சுமந்த அழுத்தத்தை இப்போது கற்கள் சுமக்கும், சுவரை நெருக்கிப் பிடிக்கும். இந்தப் பிடி அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பதுதான் விஷயம். பலமாகத் தள்ளினால் பலமாகப் பிடிக்கும். "லைன் ஜாம்" ஆனதும் அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்று கை போவது இயல்பு. ஆனால் அதுதான் செய்யக்கூடாதது. ரிவர்ஸ் போட்டு இரண்டு மூன்று முறை பின்னால் இழுத்து, கற்களைத் தளர்த்தி, மெதுவாக மீண்டும் தள்ள வேண்டும். நகரவில்லை என்றால் தேடிப் பிரிக்க வேண்டும். அனுபவசாலிகள் குழாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். அடைப்பு பெரும்பாலும் வளைவிலோ, குழாய் சிறுத்துப் போகும் இடத்திலோதான் இருக்கும்.

அந்தக் கிளாம்பைத் தட்டிக் கழற்றும் நிமிடத்தில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். 125 மி.மீ. குழாயின் வாய்ப் பரப்பில் வெறும் 1 பார் அழுத்தம் மிச்சமிருந்தால் அது 125 கிலோ எடை தள்ளும் விசை. 70 பார் என்றால் எட்டரை டன்னுக்கும் மேல். ரிவர்ஸ் போட்டால் அழுத்தம் இறங்கிவிடும் என்று நம்பி மட்டும் இருக்க முடியாது. பத்து மாடி, 30 மீட்டர் செங்குத்துக் குழாயில் நிற்கும் கான்கிரீட்டின் எடையே அடியில் 7 பார், அதாவது கிட்டத்தட்ட 880 கிலோ. பம்ப் நின்றாலும் இது நிற்காது. அதனால்தான் செங்குத்துக் குழாயின் அடியில் அடைப்பு வால்வு வைக்கிறார்கள். அதை மூடாமல் கீழே எந்தக் கிளாம்பையும் தொடக்கூடாது. கழற்றுபவர் குழாய் வாய்க்கு நேரே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், கண்ணாடி போட்டிருக்க வேண்டும். ஒரு மூன்று மீட்டர் துண்டில் அடைந்திருக்கும் கான்கிரீட் மட்டுமே 88 கிலோ வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதைவிட மோசமானது காற்று. ரெடிமிக்ஸ் வண்டி மாறும் இடைவெளியில் ஹாப்பரில் கலவை மட்டம் இறங்கினால், உருளை கலவையோடு காற்றையும் உறிஞ்சிவிடும். கான்கிரீட்டும் தண்ணீரும் சுருங்காதவை. 40 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஆயிரத்தில் இரண்டு பங்குகூடச் சுருங்காது. அதில் 10 லிட்டர் தண்ணீரில் சேரும் ஆற்றல் 40 ஜூலுக்கும் கீழ். அதே 40 பாரில் 10 லிட்டர் இடத்தில் அடைபட்ட காற்று விரிந்தால் 60,000 ஜூலுக்கு மேல் வெளிவரும். ஓர் ஆளைத் தொண்ணூறு மீட்டர் உயரம் தூக்கப் போதுமான ஆற்றல். அது முனையில் உள்ள ரப்பர் ஹோஸ் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கலவை முழங்கைத் தடிமனுக்கு வழிந்துகொண்டிருக்கும்போதே திடீரென ஹோஸ் முறுக்கிச் சுழன்று அடிக்கும். பிடித்துக்கொண்டிருப்பவரை மாடியிலிருந்து வீசி எறியவும் செய்யும்.

ஆகவே பம்ப் ஓடத் தொடங்கும்போதும், ஜாம் எடுத்து மறுபடி ஓட்டும்போதும், ஹோஸ் வீசி எட்டும் தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. கலவை சீராக வந்த பிறகுதான் அருகே போக வேண்டும். ஹோஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தோளில் சாய்த்துக்கொண்டு ஊற்றும் பழக்கம் நம் சைட்டுகளில் சர்வசாதாரணம். முனையில் இரும்பு வளையம் மாட்டிய ஹோஸ் என்றால் இன்னும் கேடு. பம்ப் ஓட்டுபவர் கீழே, ஹோஸ் பிடிப்பவர் பத்தாம் மாடியில். ஒருவர் பேசுவது தமிழ், மற்றவர் போஜ்புரி அல்லது ஒடியா. வாக்கி டாக்கியும், நிறுத்து, ஓட்டு, ரிவர்ஸ் என்று முன்கூட்டிப் பேசிவைத்த மூன்று சொற்களும் எலுமிச்சம்பழத்தைவிட மலிவாகக் கிடைக்கும். பழம் நசுக்குவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் பூசணிக்காய்க்குக் காலையில் அரைமணி ஒதுக்கும் சைட்டில், தேய்ந்த வளைவின் தடிமனை அளக்க ஐந்து நிமிடம் இல்லை என்பதுதான் பொறுக்கவில்லை. வளைவின் வெளிச்சுவர்தான் முதலில் தேயும், அழுத்தம் கூடும்போது அங்கேதான் வெடிக்கும்.

மற்றவை சுருக்கமாக. பம்பை நிறுத்தும் இடம் சமதளமாக, கெட்டி மண்ணாக இருக்க வேண்டும். ஜாக்கிகளுக்கு அடியில் பலகை வேண்டும். அஸ்திவாரக் குழி ஓரத்தில் நிறுத்தக்கூடாது. ஒவ்வொரு தள்ளலுக்கும் குழாய் முன்னும் பின்னும் உதறும், ஆகவே முதல் வளைவைக் கான்கிரீட் கட்டையில் பிணைக்க வேண்டும். சாரத்தில் கட்டக்கூடாது, சாரமே ஆடிப்போகும். ஈரக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல்; பூட்ஸுக்குள் புகுந்தால் வலி தெரியும் முன்பே தோல் வெந்துவிடும். வேலை முடிந்து பஞ்சுப் பந்தை விட்டுக் குழாயைக் கழுவும்போது, காற்றழுத்தத்தால் தள்ளாமல் தண்ணீரால் தள்ளுவது நல்லது. காரணம் மேலே போட்ட ஜூல் கணக்கு.

ஹாப்பர் மேல் கம்பி வலை இருப்பது பெரிய கல்லைத் தடுக்க மட்டுமில்லை, கை உள்ளே போகாமல் தடுக்கவும்தான். அதைத் தூக்கினால் யந்திரம் தானாக நிற்கும்படி சுவிட்ச் வைத்திருப்பார்கள். அந்த சுவிட்சைக் கம்பி கட்டி ஏமாற்றிவிட்டு ஓட்டும் சைட்டுகளும் உண்டு. எஸ் குழாய் ஒரு வினாடியின் பின்னத்தில் வெட்டித் திரும்ப உதவுவது, நைட்ரஜன் நிரப்பிய ஒரு கலத்தில் சேர்த்துவைத்த அழுத்தம். என்ஜினை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் அங்கேயே இருக்கும். அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு இறங்கியதைக் கண்ணால் பார்க்காமல், மாலையில் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், ஹாப்பருக்குள் ஒட்டியதைச் சுரண்டக் கையை விடக்கூடாது.