கயாக்கின் பின்னறைக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

கடந்த பங்குனியில் ஆரம்பாக்கம் பக்கத்துக் கரையிலிருந்து இருக்கம் தீவுக்குக் கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒல்லிப் படகில், போய்வந்தேன். பழவேற்காடு ஏரி அன்று எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. படகின் மேல் ஓர் அலைகூட ஏறவில்லை, சாமான் வைக்கும் பின்னறையின் மூடி ஒருமுறையும் நனையவில்லை. ஆனால் கரையேறி அந்த மூடியைத் திறந்தபோது, மாற்றுத் துணி முழுக்க நனைந்து சோற்று டப்பா மிதந்துகொண்டிருந்தது. சொம்பால் முகந்து அளந்தேன். மூன்று லிட்டருக்கும் மேல்.

தேடிப் பார்த்ததில் இரண்டு ஓட்டை கிடைத்தது. ஒன்று, பின்பக்க அடிவயிற்றில் முடி மாதிரி ஒரு விரிசல். பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. சராசரியாக ஒரு மீட்டர் தண்ணீர்தான் நிற்கும். சேற்றுத் திட்டிலும் சிப்பி ஓட்டின் மேலும் படகை இழுத்துப் போவது இங்கே தவிர்க்க முடியாதது, அந்தத் தேய்மானம்தான் விரிசலாகிவிட்டது. இன்னொன்று, உட்காரும் இடத்தையும் பின்னறையையும் பிரிக்கும் நுரைத் தடுப்பின் ஓரத்தில், இடைவெளியை அடைக்கும் பழைய சீலண்ட் விட்டுப்போயிருந்தது. சரி, ஓட்டை தெரிந்துவிட்டது. ஆனாலும் முடி அகல விரிசல் வழியே மூன்று லிட்டர் எப்படி வந்தது என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

பதில் வெயிலில் இருக்கிறது. தீவில் இரண்டு மணி நேரம் படகை உச்சி வெயிலில் மணலில் போட்டிருந்தேன். மூடிய அறைக்குள் காற்று 50 டிகிரி வரை சூடாகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான காற்று விரிந்து, கசிவு வழியே கொஞ்சம் வெளியே போய்விடும். அப்புறம் படகை 28 டிகிரித் தண்ணீரில் இறக்கினால், மிச்சமிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். கெல்வின் கணக்கில் (டிகிரியோடு 273 கூட்டினால்) 323இலிருந்து 301. அதாவது ஏறக்குறைய 7 விழுக்காடு. அறையின் கொள்ளளவு 60 லிட்டர் என்றால், 4 லிட்டர் காற்றுக்கு உரிய இடம் வெற்றாகிறது. விரிசல் தண்ணீருக்கு அடியில் இருப்பதால், அந்த இடத்தைத் தண்ணீர்தான் நிரப்பும். அறையின் சுவர் வளையாமல் நின்றால், இந்த உறிஞ்சுவிசை 70 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். கயாக்கின் அடிப்பகுதி நீரில் அமிழ்வதோ ஒரு சாண்கூட இல்லை. சுவர் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் உண்மையில் விசை குறையும், ஆனாலும் தண்ணீர் தானாகக் கசிவதைவிடப் படகு அதை உறிஞ்சிக் குடிக்கிறது என்பதே சரி. நல்ல மூடி போட்ட அறைக்குள்ளும் தண்ணீர் இருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

மறுநாள் சூளூர்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறிய கடைக்காரர், மேசை மேல் நான்கு வகைப் பொருள் எடுத்து வைத்தார். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான், இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசையும் எபாக்சி புட்டி, பாலியூரித்தேன் சீலண்ட், பைபர் ரெசின். “எல்லாமே ஒட்டும் சார்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எதன் மேல் ஒட்டும் என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை, பழவேற்காட்டில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் ஒரு பெரியவரிடம் கிடைத்தது. அவர் கயாக்கை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இது பைபர் இல்ல தம்பி, டேங்க் பிளாஸ்டிக்கு. இதுல ரெசின் நிக்காது” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் விலை குறைந்த கயாக்கும் ஒரே பொருளால், ஒரே முறையில் செய்யப்படுபவை. பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் போட்டு, சூடேற்றி, எல்லாப் பக்கமும் சுழற்றுவார்கள். தூள் உருகிச் சுவரில் படியும்.

பாலிஎத்திலீன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலை மேல் விட்டது மாதிரி இல்லையென்றாலும் பரவாமல் குவிந்து நிற்கும். ஒட்டுதல் என்பதே முதலில் பரவுதல். பிசின் மேற்பரப்பின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் படிந்தால்தான் மூலக்கூறுகள் நெருங்கி ஒன்றையொன்று இழுக்க முடியும். ஒரு திரவத்தின் பரப்பு இழுவிசை, திடப்பொருளின் மேற்பரப்பு ஆற்றலைவிடக் குறைவாக இருந்தால் அது பரவும். பாலிஎத்திலீனின் ஆற்றல் ஒரு மீட்டருக்குச் சுமார் 31 மில்லிநியூட்டன். தண்ணீரின் இழுவிசை 72. எபாக்சியுடையது 40ஐத் தாண்டும். அதனால் எபாக்சி அங்கே கையை நீட்டினாலும் பிடி கிடைப்பதில்லை. காய்ந்த பிறகு கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் நகத்தால் நெம்பினால் தகடாகக் கழன்று வரும்.

கரைத்து ஒட்டவும் முடியாது. பிவிசி குழாய்க்குத் தடவும் சால்வெண்ட், குழாயின் மேல்தோலைக் கரைத்து இரண்டு பக்கத்து மூலக்கூறுகளையும் பின்ன வைக்கிறது. சாதாரண வெப்பத்தில் பாலிஎத்திலீனைக் கரைக்கும் திரவம் கடையில் கிடைக்காது.

அடிவயிற்று விரிசலுக்கு வழி வேறு. ஒரு காலத்தில் தெருவில் “பிளாஸ்டிக் குடம், பக்கெட் ஒட்றது” என்று கூவிக்கொண்டு வருபவரை நினைவிருக்கிறதா? காய்ச்சிய இரும்பால், அதே வகைப் பிளாஸ்டிக் துண்டை உருக்கிப் பிளவில் இழைப்பார். அவர் செய்தது முழு அறிவியல். உருகிய நிலையில் இரண்டு பக்கத்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஆறும்போது பின்னிக்கொள்ளும். இன்று சூடான காற்றுத் துப்பாக்கியும் பாலிஎத்திலீன் குச்சியும் வைத்துச் செய்கிறார்கள். விரிசலின் இரண்டு முனையிலும் சிறு துளை போட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். படகின் வெளிச்சுவருக்கு இதைத் தவிர எதையும் நான் நம்புவதில்லை.

தடுப்பு ஓரத்தின் கதை அப்படி இல்லை. அங்கே நுரையும் பிளாஸ்டிக்கும் சந்திக்கின்றன, அவற்றைச் சேர்த்து உருக்க முடியாது. அங்கேதான் சீலண்ட் வேண்டும். அந்த இடத்தில் கேட்க வேண்டியது வலிமையை அல்ல, வளைவை. பாலிஎத்திலீன் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.15 மி.மீ. அளவு நீள்கிறது. நான்கு மீட்டர் கயாக், 20 டிகிரி வித்தியாசத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டு சுருங்கும். அதோடு ஒவ்வொரு துடுப்பு வலிப்பிலும் முறுக்கிக்கொள்ளும். காய்ந்து கல்லாகும் எதுவும் அந்த அசைவில் பிட்டுக்கொண்டுதான் வரும். துறைமுகம் வருவதற்கு முன்னால் சென்னைக் கரையில் அலை தாண்டி ஆட்களை ஏற்றி இறக்கிய மசூலா படகுகளை, பலகையில் ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்து, இடையில் வைக்கோல் வைத்து அடைத்தார்கள். அடைப்பும் படகோடு சேர்ந்து அசைய வேண்டும் என்பது இந்தக் கடற்கரைக்குப் பழைய பாடம்.

சிலிக்கான் வளையுமே என்று கேட்கலாம். வளையும். மீன் தொட்டிக் கண்ணாடியைப் பிடித்து நிற்பதும் அதுதான். கண்ணாடியும் சிலிக்கானும் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பால் ஆனவை, அதனால் வேதிப் பிணைப்பு உண்டாகிறது. பாலிஎத்திலீனில் அந்தச் சொந்தம் இல்லை. பரவும், ஆனால் பிடிக்காது. இதைவிடப் பெரிய கெடுதல், ஒருமுறை பூசிய இடத்தில் எண்ணெய்ப் படலம் போல எச்சம் தங்கும். அப்புறம் அங்கே வேறெந்தப் பிசினும் நிற்காது. பின்னால் சரியான சீலண்ட் வாங்கி வந்தாலும் பயன் இருக்காது. தயவுசெய்து கயாக்கில் அதை முதலில் முயற்சி செய்யாதீர்கள்.

நான் எடுத்தது பாலியூரித்தேன். அதற்கும் பாலிஎத்திலீன் சுலபமான பரப்பு அல்ல. அதனால் பழைய சீலண்டைச் சுரண்டி, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஸ்பிரிட் முழுக்க ஆவியாகி, வாடையும் போன பிறகே நெருப்புப் பக்கம் போக வேண்டும். அப்புறம் சிறிய கேஸ் பர்னரின் நீலச் சுடரின் நுனியை, பிளாஸ்டிக் ஓரத்தில் மட்டும், ஓர் இடத்திலும் நிற்காமல் வேகமாக ஓட்டினேன். நுரையில் சுடர் படக் கூடாது. சுடர் மேல்தோலை ஆக்சிஜனோடு சேர்க்கிறது, ஆற்றல் கூடுகிறது. குவிந்து நின்ற தண்ணீர்ச் சொட்டு இப்போது பரவி ஓடும். அந்தச் சொட்டுதான் பரிசோதனை. அது பரவாத வரை பிசினைத் தொடாதீர்கள். இந்த விளைவு நாளடைவில் மங்கிவிடும் என்பதால், ஈரத்தைத் துடைத்துக் காயவிட்டு அன்றே பூசிவிட வேண்டும்.

பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். அதனால் வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. என்ற அளவில்தான் நகரும், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும். ஏரிக்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, ஆனால் சொட்டும் ஈரம் பட்டால் கரியமில வாயு குமிழிட்டு உள்ளே துளைகள் விழும். நிழலில், காற்றோட்டத்தில், கையுறையோடு பூசி, ஒரு வாரம் விட்டேன்.

பைபர் கயாக் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். தேய்த்து, எபாக்சியோடு பைபர் துணி வைத்து ஒட்டினால் போதும். பழைய பரப்பில் பாலியெஸ்டர் ரெசினைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும்.

வாரம் முடிந்ததும் பின்னறையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, தடுப்பின் மறுபக்கமும் அடிவயிற்றிலும் செய்தித்தாளை ஒட்டவைத்துப் பார்த்தேன். நனையவில்லை. கடைசியாக, தடுப்பின் மேல் ஓரத்தில் ஊசி அளவுக்கு, ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை போட்டேன். இவ்வளவு பாடுபட்டு அடைத்துவிட்டு ஓட்டை போடுவதா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். வெயிலில் விரியும் காற்று அந்த வழியே போகும், குளிரும்போது அந்த வழியே திரும்பும். மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் எட்டாது. அந்தத் துளை இருக்கும்வரை பின்னறை எதையும் உறிஞ்சாது.